மட்டக்களப்பின் கோட்டையையும் தேவாலயங்களையும் பார்க்க வருவோர் முன்கூட்டியே செய்ய வேண்டியவை

புளியந்தீவிலுள்ள கோட்டையும் பழைய தேவாலயங்களும் பாடசாலைகளும் நடந்தே பார்க்கக்கூடிய தூரத்தில் அமைந்திருப்பதால், வெளியூரிலிருந்து வருவோர் பலர் எவ்வித ஏற்பாடுமின்றி வந்து இறங்கிவிடுகின்றனர். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும்போதுதான், நாட்காட்டியை ஒருமுறை புரட்டியிருக்கலாமே என்று அவர்களுக்குத் தோன்றும்.

1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டைக்குள் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம் நெடுங்காலம் இயங்கியது. அங்குள்ள சிறிய நூதனசாலையைப் பார்க்க விரும்புவோர் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை தினங்களையும் ஏனைய அரச விடுமுறைகளையும் தவிர்த்து, வேலைநாள் ஒன்றின் முற்பகலை ஒதுக்கி, திறந்திருக்குமா என்பதை முதல் நாளே தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. மதிலோரங்களில் நிழல் குறைவு. உச்சி வெயிலுக்கு முன் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

தேவாலயங்களுக்குத்தான் கூடுதலான கவனம் வேண்டும். ஞாயிறு காலையில் எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் அவை வழிபட வருவோருக்காகத் திறந்தவை. புளியந்தீவு மரியாள் பேராலயத்திலோ, 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கிய பணியின் வழிவந்த மெதடிஸ்த ஆலயத்திலோ, திருப்பலியும் ஆராதனையும் முடியும்வரை பின்வரிசையில் அமைதியாக அமர்ந்திருந்து, கூட்டம் கலைந்தபின் அனுமதி கேட்டுப் படமெடுப்பதே முறை. கிழமை நாட்களில் வருவதாயின் பங்குத்தந்தைக்கோ போதகருக்கோ முன்னரே அறிவித்துவிட்டால், உள்ளே அழைத்துச் சென்று காட்ட எவரையேனும் ஏற்பாடு செய்வார்கள். தவக்காலத்தின் இறுதி நாட்களில் கத்தோலிக்க ஆலயங்களில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவைக்கும் வழக்கம் உண்டு; சுரூபங்களைப் பார்ப்பதற்காகவே வருபவர் அந்நாட்களில் வந்தால் துணியைத்தான் பார்ப்பார். செப்டெம்பர் முற்பகுதியில் ஆயித்தியமலை சதாசகாய மாதா திருவிழா நடைபெறுவதால், குருமாரைச் சந்திக்க எண்ணுவோர் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

2019 ஏப்ரல் 21 அன்று குண்டுத் தாக்குதலுக்குள்ளான சீயோன் தேவாலயத்தைச் சுற்றுலா இடங்களின் பட்டியலில் சேர்ப்பது எனக்கு உவப்பானதன்று. உயிரிழந்தோரின் உறவினர்கள் இந்நகரிலேயே வாழ்கின்றனர். அஞ்சலி செலுத்த விரும்புவோர் கமராவை எடுக்காமல் செல்லட்டும். அத்தாக்குதலுக்குப் பின்னர் பெரிய பைகளுடன் எந்த ஆலயத்துக்குள் நுழைந்தாலும் கேள்வி எழும் என்பதால், பயணப் பைகளைத் தங்குமிடத்திலேயே விட்டுச் செல்லுங்கள். தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை போதும். வாசலில் மற்றவர்களின் செருப்புகள் கிடந்தால் உங்களுடையதையும் கழற்றிவிடுங்கள்.

கல்முனை வீதியிலுள்ள காத்தான்குடி நூதனசாலையையும் அதே பயணத்தில் பார்க்க எண்ணினால், ஜும்ஆத் தொழுகை நடைபெறும் வெள்ளிக்கிழமை நண்பகலில் செல்லாதீர்கள்.

முன்னோரின் திருமுழுக்கு, திருமணப் பதிவுகளைத் தேடி வருவோர் வேறொரு வகையினர். அவர்கள் பெயர், பெற்றோர் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பவற்றைக் குறிப்பிட்டு, உரிய பங்கு அலுவலகத்துக்குப் பல வாரங்கள் முன்பே கடிதம் எழுத வேண்டும். ஏனெனில் பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடுவது, வந்தவர் வாசலில் காத்திருக்கும் நேரத்துக்குள் முடிகிற வேலையன்று.