பத்து மேகசினில் மூன்று சண்டி

டெக்சாஸில் வார இறுதியானால் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகும் ஆள் நான். என் ஏஆர்-15 துப்பாக்கிக்கு ராணுவ உபரி பிளாஸ்டிக் மேகசின்கள் (தோட்டா நிரப்பி மாட்டும் பெட்டிகள்) சல்லிசாகக் கிடைக்கின்றனவே என்று பத்து வாங்கினேன். ஒவ்வொன்றும் 30 தோட்டா கொள்ளும்.

முதல் நாளே தகராறு. கடைசி நாலைந்து தோட்டா மிச்சமிருக்கும்போது, மேலே வரும் தோட்டா மூக்கைக் கவிழ்த்துச் சிக்கிக்கொள்ளும். பாவம், துப்பாக்கியைத்தான் முதலில் திட்டினேன். அப்புறம் மேகசின்களில் மார்க்கரால் எண் போட்டு ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்தேன். சண்டித்தனம் செய்தவை 3, 7, 8 மட்டும்தான்.

வீட்டில் காலி மேகசினின் அடித்தட்டைக் கழற்றினேன் (ஸ்பிரிங் முகத்தில் பாயும், உள்ளங்கையால் மூடிக்கொள்ளுங்கள்). 3, 8 இரண்டிலும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. தோட்டாவைத் தாங்கும் ஃபாலோயரின் முன்பக்கத்தை விரலால் அழுத்தினால் அப்படியே சாய்ந்தது. அமெரிக்க ராணுவமே இந்தச் சாய்வைக் குறைக்கத்தான் 2009இல் பழுப்பு நிற ஃபாலோயருக்கு மாறியது. சாயாத ஃபாலோயரும் புது ஸ்பிரிங்கும் போட்டதும் இரண்டும் சரியாகிவிட்டன.

7 வேறு கதை. வெர்னியரால் அளந்தால், தோட்டாவைப் பிடிக்கும் மேல் உதடுகள் மற்றவற்றைவிட அகன்றிருந்தன. லேசாகத் தட்டினாலே தோட்டா வெளியே துள்ளியது. நிரப்பியபடியே ரொம்ப நாள் கிடந்திருக்கும் போல. வெந்நீரில் போட்டு வளைக்கலாம் என்றார் ஒரு நண்பர். அதென்ன குளியலறை வாளியா? உடைத்துக் குப்பையில் போட்டேன்.

மாற்றுச் சாமான்களுக்கு ஆன செலவு, அந்த இரண்டு மேகசின்களின் விலையைத் தாண்டிவிட்டது.