ஜூன் 30-க்குள் எழுதிவிடுங்கள்

ஆஸ்திரேலியாவில் குடும்ப டிரஸ்ட் (குடும்பத்தினரின் நலனுக்காகச் சொத்தை வைத்து நிர்வகிக்கும் அறக்கட்டளை ஏற்பாடு) வைத்திருப்பவர்கள் ஜூன் மாதத்தில் தள்ளிப்போடக் கூடாத வேலை ஒன்று உண்டு. ஜூனில் முடியும் அந்த நிதியாண்டின் வருமானத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று டிரஸ்டி, அதாவது டிரஸ்டை நிர்வகிப்பவர், ஜூன் 30-க்குள் தீர்மானித்துவிட வேண்டும். எழுத்தில் வைத்துக் கையெழுத்தும் போட்டுவிடுங்கள். அக்கவுண்டன்ட் ஆகஸ்டில் பார்த்துக்கொள்வார் என்று விட்டால், டிரஸ்ட் பத்திரத்தில் மாற்று ஏற்பாடு இல்லாவிட்டால் டிரஸ்டியிடமே உச்ச விகிதத்தில், மெடிகேர் லெவி என்ற பொது மருத்துவக் காப்பீட்டு வரியோடு சேர்த்து 47 சதவீதம் வரி விழும். தீர்மானம் எழுதும் முன் டிரஸ்ட் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். அதன்படி பயனாளியாக இல்லாதவருக்குப் பங்கு கொடுத்தால் செல்லாது.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பெயரில் பிரித்துப் போடலாமே என்று தோன்றும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பொதுவாக ஆண்டுக்கு 416 டாலரைத் தாண்டியதும் வரி கடுமையாகிவிடும். வளர்ந்த பிள்ளைக்குப் பங்கு எழுதினால் பணமும் அவரிடம் போய்ச் சேர வேண்டும். தாளில் மகள் பெயர், அனுபவிப்பது அப்பா என்றால் வரி அலுவலகம் வரிச் சட்டத்தின் 100ஏ பிரிவின் கீழ் கேள்வி கேட்கலாம்.

அப்புறம், நீங்களே நடத்தும் சூப்பர் நிதி, அதாவது ஓய்வுக்காலச் சேமிப்பு நிதி. அது வாங்கிய வீட்டில் நீங்களோ உறவினரோ குடியிருக்கக் கூடாது, சந்தை வாடகை கொடுத்தாலும் சரி. உங்கள் தொழிலுக்கான கடையோ அலுவலகமோ என்றால் சந்தை வாடகைக்கு எடுக்கலாம். ஒப்பந்தம் எழுதி, வாடகையைத் தவணை தவறாமல் நிதியின் வங்கிக் கணக்கில் கட்டுங்கள்.