வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் போகலாமா? முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள், "வேலையை விட்டுட்டு உங்கள மாதிரி வீட்ல இருந்தே செய்யலாம்னு இருக்கேன், சரியா வருமா?" என்று. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். சென்னையில் ஒரு அலுவலகத்தில் ஆறு வருடம் சம்பளத்துக்குச் செய்தேன், இப்போது ஒன்பது வருடமாகத் திருநெல்வேலியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து செய்கிறேன். சரியாக வரும். நான் திரும்பிப் போவதாக இல்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள்: அலுவலகத்தில் ரேட் பேச ஓர் ஆள் இருந்தார், பில் போட ஓர் ஆள், பணம் வசூலிக்க ஓர் ஆள், வரியைப் பிடித்துக் கட்ட ஓர் ஆள். வெளியே வந்த மறுநாளே அந்த நாலு பேர் வேலையும் உங்கள் தலையில் விழும். கஷ்டப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் தொழில் தெரியாமல் கஷ்டப்படவில்லை, இந்த நாலு வேலையில் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் ரேட். ஒரு பேப்பரை எடுத்து வீட்டுச் செலவு மாதம் எவ்வளவு என்று எழுதுங்கள். 40,000 என்று வைத்துக்கொள்வோம். அதோடு இதுவரை கம்பெனி பார்த்துக்கொண்டதையும் சேர்க்க வேண்டும்: மருத்துவக் காப்பீடு, பிஎஃப்பில் அவர்கள் போட்ட பங்கு, கிராஜுவிட்டி, லேப்டாப், இன்டர்நெட். இதற்கெல்லாம் 10,000. ஆக 50,000. இதை 26 நாளால் வகுக்காதீர்கள், அங்கேதான் எல்லாரும் தப்புச் செய்கிறார்கள். மெயில் எழுதுவது, பில் போடுவது, மாதிரி செய்து கொடுப்பது, வேலையே வராமல் காத்திருப்பது எல்லாம் போக, காசு தருகிற நாட்கள் மாதத்துக்குப் பதினாறு இருந்தால் நல்ல மாதம். 50,000-ஐ 16-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 3,125. நிதானமாகச் செய்தால் என்னால் நாளொன்றுக்கு 2,000 சொல் முடியும், ஆக ஒரு சொல்லுக்கு ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. இதற்குக் கீழே போனால் கையிலிருப்பதைக் கரைக்கிறீர்கள் என்று அர்த்தம். டிசைனரோ புரோகிராமரோ உங்கள் தொழிலுக்குத் தகுந்தபடி மணிக்கணக்கில் வகுத்துக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

மொழிபெயர்ப்புக்கு வருகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ரேட் பேசும்போது எந்த மொழியின் சொற்களை எண்ணப்போகிறார்கள் என்று கேளுங்கள். "இன் தி ஹவுஸ்" ஆங்கிலத்தில் மூன்று சொல், தமிழில் "வீட்டில்", ஒரே சொல். "வரமுடியாததால்" என்பதை ஆங்கிலத்தில் சொல்ல நாலைந்து சொல் வேண்டும். என் அனுபவத்தில் 1,000 சொல் ஆங்கிலக் கட்டுரை தமிழில் எழுநூறு சொச்சத்தில் முடிந்துவிடும். அதே ஒன்றரை ரூபாய்தான், ஆங்கிலத்தை எண்ணினால் 1,500, தமிழை எண்ணினால் ஆயிரம் சொச்சம். உழைப்பு ஒரே உழைப்பு. முதல் வருடம் முழுக்க இதைக் கேட்காமலே வேலை செய்தேன்.

இப்போது நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே பெரிது. அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்த வாரம் நான் யாரிடமும் லீவு கேட்கவில்லை. காலையில் ஆஸ்பத்திரி, ராத்திரி வேலை. எனக்கு மனசு ஒப்பாத விளம்பரம் ஒன்று வந்தது, வேண்டாம் என்று இரண்டு வரியில் எழுதி அனுப்பினேன். அலுவலகத்தில் அது நடக்காது. வேளச்சேரி வாடகையும் தினம் இரண்டு மணி நேரப் பயணமும் மிச்சம். மருத்துவம், விவசாயம், சட்டம் என்று பிடித்த துறையில் ஆழமாகப் போகலாம், ஆழமாகப் போனவருக்கு ரேட்டும் கூடும். ஒரே முதலாளியை நம்பி இல்லாததும் ஒரு பாதுகாப்புதான். ஆட்குறைப்பு நடந்தால் சம்பளக்காரருக்கு மொத்த வருமானமும் போகும், ஐந்து கிளையன்ட் உள்ளவருக்கு ஒன்று போனால் நாலு இருக்கும். ஆனால் அந்த ஐந்தில் ஒருவரிடமிருந்தே பாதிக்கு மேல் பணம் வருகிறது என்றால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை இதைக் கூட்டிப் பாருங்கள்.

அடுத்து வசூல். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு வேலை வாங்கித் தரும் ஏஜென்சிகள் 30 நாள், 45 நாள், சில இடங்களில் 60 நாள் கெடு வைப்பார்கள், அதுவும் மாதக் கடைசியிலிருந்து எண்ணுவார்கள். ஜனவரி 3-ஆம் தேதி முடித்துக் கொடுத்த வேலைக்கு ஏப்ரலில் பணம் வருவது சாதாரணம். அதனால்தான் ஆறு மாதச் செலவு கையில் இல்லாமல் வராதீர்கள் என்று சொல்கிறேன். ஒரு ஏஜென்சி எனக்கு ஏழு மாதம் இழுத்தடித்தது. அப்போது என் கையில் இருந்தது வாட்ஸ்அப் பேச்சு மட்டும்தான், ரேட்டும் கெடுவும் எழுத்தில் எங்கும் இல்லை. அதிலிருந்து, வேலையைத் தொடும் முன் ஒரு மெயில்: என்ன வேலை, எத்தனை சொல், என்ன ரேட், எந்தத் தேதியில் தருவேன், எத்தனை நாளில் பணம், எத்தனை தடவை திருத்தம் இலவசம். "ஓகே" என்று ஒரு பதில் வந்தால் போதும். புதிய கிளையன்ட் என்றால் பாதி அட்வான்ஸ். வெளிநாட்டு ஏஜென்சி என்றால் முதலில் புரோஸ் டாட் காமின் ப்ளூ போர்டில் தேடிப் பாருங்கள், அங்கே மொழிபெயர்ப்பாளர்கள் ஏஜென்சிகளுக்கு மதிப்பெண் போட்டிருப்பார்கள். ஃபைவர் மாதிரி ஆன்லைனில் வேலை பிடித்துத் தரும் தளங்களில் பணம் வராதோ என்ற பயம் குறைவு, ஆனால் 100 ரூபாயில் 20 அவர்களுக்குப் போய்விடும், ரேட் போடும்போதே அதை ஏற்றிக்கொள்ளுங்கள்.

கெடு முடிந்த மறுநாள் காலையிலேயே கேட்டுவிடுங்கள். "வணக்கம் சார், இன்வாய்ஸ் எண் 12, தொகை 38,400 ரூபாய், நேற்றோடு கெடு முடிந்தது. எந்தத் தேதியில் வரும் என்று சொல்லுங்கள்." இவ்வளவுதான். மன்னிப்பும் வேண்டாம், வீட்டுக் கஷ்டமும் வேண்டாம், நம் காசை நாம் கேட்கிறோம். "விரைவில்" என்று பதில் வந்தால் திரும்பவும் தேதியைக் கேளுங்கள்.

இதோடு உத்யம் பதிவையும் (குறு, சிறு தொழில் என்று அரசிடம் பதிந்துகொள்வது) செய்துவிடுங்கள். ஆதார், பான் இருந்தால் ஆன்லைனில் இலவசமாக முடியும், இதற்குக் காசு கேட்கிற தளங்கள் எதுவும் அரசுத் தளம் இல்லை. குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் வருடச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. கொடுக்காதவர்மீது ஆன்லைனில் புகார் போடலாம், விசாரிக்கும் கவுன்சில்கள் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இருக்கின்றன. வேலை எடுக்கும் முன்பே பதிவு செய்து வையுங்கள், பணம் சிக்கிய பிறகு ஓடிப் பதிந்தால் அதுவே அவர்களுக்கு ஒரு வாதமாகிவிடும். நான் ஒரு தடவைகூடப் புகார் வரைக்கும் போனதில்லை. இன்வாய்ஸின் அடியில் உத்யம் எண்ணையும் 45 நாள் விதியையும் ஒரு வரியில் போட ஆரம்பித்த பிறகு இழுத்தடிப்பு நன்றாகவே குறைந்தது.

வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். 60,000 ரூபாய்க்கு பில் போட்டால் 54,000 வரும், மீதி 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது கிளையன்ட்டே பிடித்து உங்கள் பேரில் கட்டுகிற வரி. தொழில்முறைக் கட்டணமாக ஒரு கிளையன்ட் வருடத்தில் 50,000-க்கு மேல் கொடுத்தால் இப்படிப் பிடிப்பார்கள் (2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000). சிலர் ஒப்பந்த வேலை என்று சொல்லி 1 சதவீதம்தான் பிடிப்பார்கள். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பிடித்த பணம் உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருமான வரித் தளத்தில் பாருங்கள், பிடித்துவிட்டுக் கட்டாதவர்களும் உண்டு. உங்கள் வரியைவிட அதிகம் பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஐடி, இன்ஜினியரிங், கட்டடக் கலை மாதிரிச் சில தொழில்களுக்கு, வந்த பணத்தில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டும் சலுகை இருக்கிறது. மொழிபெயர்ப்பு அந்தப் பட்டியலில் பேர் சொல்லி இல்லை, ஆகவே ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஜிஎஸ்டி பதிவு வருட வரவு 20 லட்சம் தாண்டினால்தான் கட்டாயம். அப்புறம், வரவுக்கு என்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு. எந்தப் பணம் வந்தாலும் அதில் பத்தில் ஒரு பங்கை அன்றைக்கே வரிக்காக ஒதுக்கி வைத்தால் மார்ச் மாதம் தூக்கம் கெடாது.

புத்தக வேலை செய்பவர்கள் பதிப்புரிமையையும் (காப்பிரைட்) பார்த்துக்கொள்ள வேண்டும். 1957-ஆம் வருடச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது எழுதியதன் உரிமை முதலாளிக்கு. வெளியே இருந்து எழுதினால், உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்காதவரை அது உங்களுடையது, மொழிபெயர்ப்புக்கும் இது பொருந்தும். எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்திலும் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம்தான், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும்தான். "அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக" என்ற வரி இருந்தால் அதற்குத் தனி ரேட் கேளுங்கள்.

வீட்டில் இருந்து வேலை செய்வதில் யாரும் எச்சரிக்காத சிரமம் வீட்டில்தான் இருக்கிறது. "சும்மாதான இருக்க, ரேஷன் கடைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துரு" என்று அம்மா ஒரு நாளைக்கு மூன்று தடவை சொல்வாள். அவளைத் தப்பு சொல்ல முடியாது, நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்கு வேலையாகத் தெரியவில்லை. ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்து, இந்தப் பக்கம் முடிந்தால் இத்தனை ரூபாய் என்று எண்ணிக் காட்டினேன். இப்போது கதவு சாத்தியிருந்தால் காபியை மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை ஒன்பது மணிக்குப் போகிற கரண்ட் சாயங்காலம்தான் வரும், முந்தின நாளே பேப்பரில் பார்த்து டெட்லைனை நகர்த்திக்கொள்ளுங்கள். தனிமையும் உண்டு. நல்ல வாக்கியம் ஒன்று அமைந்தால் திரும்பிச் சொல்லப் பக்கத்துச் சீட்டில் ஆள் கிடையாது. நாங்கள் நாலைந்து பேர் வெள்ளிக்கிழமை ராத்திரி போனில் பேசிக்கொள்கிறோம். பாதி வேலை ஒருவர் மூலம் இன்னொருவருக்கு வருவதும் அந்தப் பேச்சில்தான்.

இயந்திர மொழிபெயர்ப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். வேலையின் தன்மை மாறித்தான் இருக்கிறது: இயந்திரம் போட்டதைத் திருத்திக் கொடுங்கள் என்று பாதி ரேட்டுக்கு வருகிறது. முதல் இரண்டு பக்கத்தைத் திருத்தி எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொண்டு, அதை வைத்து ரேட் சொல்லுங்கள். புதிதாகச் செய்வதைவிட அதிக நேரம் இழுக்கிற கோப்புகள் இருக்கின்றன, அவற்றை வாங்காதீர்கள்.

கடைசியாக, ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை, இந்த வரிசையிலேயே. சம்பளம் வரும்போதே ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் செய்து குறைந்தது மூன்று கிளையன்ட்டிடம் பணம் வாங்கிப் பாருங்கள் (வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்று முதலில் படியுங்கள்). குடும்பத்துக்குச் சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுங்கள், ஏற்கனவே சர்க்கரை, பிரஷர் இருந்தால் அதற்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை இருக்கலாம், கம்பெனிக் காப்பீடு இருக்கும்போதே அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கட்டும். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே வாங்குங்கள், அப்புறம் இரண்டு மூன்று வருட வருமான வரி ரிட்டர்னைக் கேட்பார்கள். பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவழிக்காதீர்கள். அப்புறம் மேனேஜரிடம் நல்லபடியாகச் சொல்லிவிட்டு வாருங்கள். என்னுடைய முதல் பெரிய வேலை, நான் விட்டு வந்த அதே அலுவலகத்திலிருந்து மூன்றாவது மாதம் வந்தது.