மல்லாட்டை விளைகிற வீட்டில் மல்லாட்டை ஆகாத பிள்ளை

திண்டிவனம் பக்கம் என் மாமியார் வீட்டில் அறுவடைக் காலம் வந்தால் கூடம் முழுக்க மல்லாட்டைதான், அதாவது வேர்க்கடலை. அந்த வீட்டுப் பேரனுக்கு அது ஆகாது. மூன்று வயதில் ஒரு துண்டு கடலைமிட்டாய் தின்றான். பத்து நிமிடத்தில் உதடு வீங்கி மூச்சு இழுத்தது. இப்போது அவனுக்கு ஆறு வயது, எடை 18 கிலோ.

வெளியே சாப்பிடும்போது "கடலை போட்டிருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். பொட்டுக்கடலையும் கடலை, கொண்டைக்கடலையும் கடலை. பரிமாறுகிறவர் ஒன்றை நினைத்து "இல்லை" என்பார். வேர்க்கடலை, மல்லாட்டை என்று அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி, சமைத்தவரிடமே கேளுங்கள். நான் முதலில் சந்தேகப்படுவது ஓட்டல் வெள்ளைச் சட்னியை. தேங்காய் விலை ஏறினால் அதில் வேர்க்கடலை ஏறிவிடும். அடுத்து இட்லிப் பொடி, எலுமிச்சை சாதம், மிக்சர். கோயில் புளியோதரையில் கடலையைப் பொறுக்கிப் போட்டுவிட்டுக் கொடுப்பது வீண் வேலை. ஒவ்வாமை தருவது அதன் புரதம். அது சோற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எண்ணெயில் ஒரு நுணுக்கம் உண்டு. நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது. செக்கில் ஆட்டியதில் இருக்கும். செக்கெண்ணெய் மோகத்தில் இருக்கும் உறவினர் வீட்டுப் பலகாரம் எங்களுக்கு வேண்டாம். பாக்கெட் உணவில் வேர்க்கடலை சேர்ந்திருந்தால் உறையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். பொடி எழுத்தையும் படித்துவிட்டுத்தான் வாங்குவேன்.

பள்ளியில் வகுப்பாசிரியரிடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறேன்: அவன் புகைப்படம், அறிகுறிகள், செய்ய வேண்டியவை, என் எண். பிறந்தநாள் இனிப்பை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வான். வீட்டுக்கு வந்ததும் வேறு இனிப்பு தந்து மாற்றிக்கொள்வேன்.

இனி ஊசி. கடும் ஒவ்வாமையில் உயிர் காக்கும் மருந்து அட்ரினலின். அதைத் தானே செலுத்தும் பேனா நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. மருத்துவர் எங்களுக்கு ஆம்பூலும் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் எழுதித் தந்து, போடவும் கற்றுக்கொடுத்தார். கணக்கு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள மருந்தில் இவனுக்கு 0.18 மில்லி. இதைப் பார்த்து நீங்களாகப் போடாதீர்கள். உங்கள் பிள்ளைக்கான அளவை மருத்துவரே எழுதித் தரட்டும், எடை கூடும்போது மாற்றித் தரட்டும். பதற்றத்தில் கை நடுங்கும் என்பதால் வெறும் தண்ணீர் ஆம்பூலை உடைத்து, ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினேன்.

மூச்சுத் திணறல், குரல் கம்மல், தொடர் வாந்தி, துவண்டு விழுதல் வந்தால் தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போட வேண்டும். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் செட்ரிசின் மருந்து அரிப்பை அடக்கும், மூச்சைக் காப்பாற்றாது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. போட்டதும் 108. பிள்ளையை நடக்கவிடாமல் கால்களை உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்காரட்டும். தேறிவிட்டான் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்து மீண்டும் வருவதுண்டு.

"கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்றார் மாமியார். அப்படி ஒரு சிகிச்சை உண்மையிலேயே உண்டு. ஆனால் ஒவ்வாமை நிபுணர் அளந்து, பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கொடுப்பது அது. ஒரு நாள் முழுக்கப் பேசித்தான் புரியவைத்தேன். இப்போது கடலை உரித்துவிட்டு வந்தால், பேரனைத் தூக்குமுன் குழாயடியில் சோப்பு போட்டுக் கை கழுவுகிறார். சானிடைசர் அந்தப் புரதத்தைப் போக்காது என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அவரே சொல்லிக்கொண்டிருக்கிறார்.