‘எப்போ வரும்?’ என்று கேட்பதில் என்ன தவறு: தாமதமான ஆர்டரை விசாரிக்கும் முறை

சிறு விற்பனையாளர் என்றால் பெரும்பாலும் ஒரே ஆள்தான். பொருளைத் தயார் செய்வது, பேக் செய்வது, கூரியருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, ராத்திரி உட்கார்ந்து மெசேஜுக்குப் பதில் போடுவது எல்லாம் அவரே. அவரிடம் ‘எப்போ வரும்?’ என்று கேட்டால் ‘சீக்கிரம் வந்துடும்’ என்பார். வேறென்ன சொல்ல முடியும்? பார்சல் உங்கள் வாசலுக்கு வரும் நாள் அவர் கையில் இல்லை. அதைக் கூரியரிடம் ஒப்படைக்கும் நாள்தான் அவர் கையில் இருக்கிறது. அவரால் பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்பதுதான் முதல் தவறு.

கேட்பதற்கு முன் நாளை எண்ணிப் பாருங்கள். ‘3 வேலை நாளில் அனுப்பப்படும், டெலிவரிக்கு 5 வேலை நாள்’ என்று போட்டிருந்தால், பலர் 3-ஐயும் 5-ஐயும் கூட்டி 8 நாள் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். 1-ஆம் தேதி வெள்ளி மாலை ஆர்டர் போட்டால், சனி ஞாயிறு விடுமுறை போக, எண்ணிக்கை 4-ஆம் தேதி திங்களன்றுதான் தொடங்கும். அனுப்புவது 6 புதன், வந்து சேர்வது 13 புதன். நீங்கள் 9-ஆம் தேதியே கோபப்பட்டால் அவர் தரப்பில் தாமதமே இல்லை. ஆர்டரின் பேரில் செய்து தரும் பொருளென்றால் செய்வதற்கான நாளும் தனி. அது பொருளின் விவரப் பகுதியில் எங்காவது ஒரு மூலையில் எழுதியிருக்கும்.

அடுத்தது டிராக்கிங். ‘லேபிள் உருவாக்கப்பட்டது’ என்பதை ‘அனுப்பியாகிவிட்டது’ என்று படிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. கூரியர் தளத்தில் புக் செய்தவுடனேயே எண் வந்துவிடும். பார்சல் இன்னும் விற்பவரின் மேஜையில் இருக்கலாம். கூரியர் ஆள் வாங்கி ஸ்கேன் செய்தால்தான் அடுத்த வரி விழும். மொத்தமாக மூட்டை கட்டி எடுத்துப் போகும்போது அந்த முதல் ஸ்கேன் விட்டுப்போவதும் உண்டு. அதனால் ‘சும்மா நம்பர் கொடுத்து ஏமாத்துறீங்களா’ என்று பாய வேண்டாம். ‘கூரியரிடம் எந்தத் தேதியில் கொடுத்தீங்க, ரசீது இருக்கா?’ என்று கேட்டால் பார்சல் இன்னும் மேஜையில் இருக்கிறதா, ஸ்கேன் விட்டுப்போனதா என்று தெரிந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வருகிறதென்றால் பதிவு எண் பொதுவாக 13 இடம் கொண்டது: முதலில் 2 எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் 2 எழுத்துக் குறி. அதே எண்ணை உங்கள் நாட்டுத் தபால் தளத்திலும் போட்டுப் பாருங்கள். சுங்கத்தில் நிற்பது விற்பவருக்குத் தெரிவதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இனி மெசேஜ். ‘ஹாய்’ என்று மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பது, ‘என் ஆர்டர் என்னாச்சு?’ என்று பெயரும் எண்ணும் இல்லாமல் கேட்பது, 2 நிமிட வாய்ஸ் நோட் அனுப்புவது: மூன்றுமே பதிலைத் தள்ளிப்போடும். இன்ஸ்டாகிராமில் உங்கள் பெயர் ஒன்று, ஆர்டரில் இன்னொன்று; தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை அவர் தலையில் கட்டினால், ‘அப்புறம் பார்ப்போம்’ என்று ஒதுக்கிவிடுவார். ஒரே மெசேஜில் இவ்வளவு இருந்தால் போதும்:

‘வணக்கம். ஆர்டர் எண் 1047, 1-ஆம் தேதி போட்டது, பெயர் கவிதா. 6-ஆம் தேதி அனுப்புவதாக இருந்தது. டிராக்கிங்கில் இன்னும் லேபிள் நிலைதான் காட்டுகிறது. கூரியரிடம் கொடுத்தாகிவிட்டதா? இல்லையென்றால் எந்தத் தேதியில் கொடுக்க முடியும்? எனக்கு 20-ஆம் தேதிக்குள் தேவை. அதற்குள் முடியாதென்றால் சொல்லுங்கள், பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.’

இதில் ‘நீங்கள் அனுப்பவில்லை’ என்று எங்கும் இல்லை. டிராக்கிங் என்ன காட்டுகிறது என்பதுதான் இருக்கிறது. தமிழில் மரியாதை ‘ங்க’வில் மட்டும் இல்லை. ‘ஏன் இன்னும் அனுப்பலைங்க?’ என்பதில் ‘ங்க’ இருந்தாலும் குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது. அதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்து, ‘தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க, அவசரமே இல்லை’ என்று எழுதுவதும் தவறுதான். அவசரம் இல்லை என்று நீங்களே சொன்னால் அவர் அதை நம்பிவிடுவார். வரிசையில் கடைசிக்குப் போய்விடுவீர்கள்.

மெசேஜை அனுப்பிய பிறகு 2 வேலை நாள் விடுங்கள். மணிக்கொரு தடவை ‘??’ போட்டால், உங்கள் உரையாடல் ஒவ்வொரு முறையும் புதிதாக வந்ததுபோல மேலே ஏறும். பழைய மெசேஜிலிருந்து பதில் சொல்லிக்கொண்டு வருபவரிடம் நீங்கள் மறுபடி கடைசி ஆள். வாட்ஸ்அப், மெயில், இன்ஸ்டாகிராம் என்று மூன்றிலும் கேட்டால் மூன்று அரைகுறைப் பதில் வரும். ஆர்டர் போட்ட தளத்திலேயே மெசேஜ் வசதி இருந்தால் அதில்தான் எழுத வேண்டும். பின்னால் தகராறு என்று வந்தால் தளம் முதலில் பார்ப்பது அதைத்தான்.

விற்பவரின் இன்ஸ்டாகிராம் பதிவின் கீழே கமெண்டில் கேட்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆர்டர் எண்ணும் முகவரியும் ஊருக்கே தெரியும். மோசடிக்காரர் விற்பவர் பெயரில் உங்களைத் தொடர்புகொள்ளவும் அது வழி. ‘ஒரு ஸ்டார்தான் கொடுப்பேன்’ என்ற மிரட்டலும் வேண்டாம். பார்சல் தொலைந்திருந்தால் அதைத் தேடச் சொல்லிக் கூரியரிடம் புகார் கொடுப்பது பெரும்பாலும் அனுப்பியவரால்தான் முடியும். அவர் ஒத்துழைப்பு உங்களுக்குத் தேவை.

பொறுமைக்கும் கெடு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேபால் என்ற ஆன்லைன் கட்டணச் சேவையில் பணம் கட்டியிருந்தால், பொருள் வரவில்லை என்று தகராறு பதிவு செய்யப் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள்தான். பதிவு செய்தபின் 20 நாளுக்குள் அதைக் கோரிக்கையாக (பேபாலே தலையிட்டு முடிவு சொல்லும் நிலைக்கு) உயர்த்தாவிட்டால் தானாகவே மூடிக்கொள்ளும். மூடியதை மறுபடி திறக்க முடியாது. மற்ற கட்டண முறைகளுக்கும் தளங்களுக்கும் தனித்தனிக் கெடு இருக்கும். முதல் மெசேஜ் அனுப்பும் அன்றே அதைத் தேடி நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். ‘இன்னும் 2 நாளில் வந்துடும், தகராறை மட்டும் மூடிடுங்க’ என்று விற்பவர் கேட்டால், ‘பார்சல் கைக்கு வந்த அன்றே மூடிவிடுகிறேன்’ என்று பதில் எழுதுங்கள். பிரித்து, பொருளைச் சரிபார்த்த பிறகே மூடுங்கள்.