கூச்சப்படும் பிள்ளையை கோ-கோ ஆட்டத்துல சேர்த்துப் பாருங்க

யாராவது பேரைக் கேட்டாலே என் முந்தானைக்குள்ள ஒளிஞ்சுக்குவா எங்க பொண்ணு. இங்க தருமபுரியில பள்ளி மைதானத்துல கோ-கோ பழக அனுப்பினோம். 8 பேர் வரிசையா, ஒருத்தி விட்டு ஒருத்தி எதிர்த்திசை பார்த்து உட்கார்ந்திருப்பாங்க. எதிரணியைத் துரத்துறவ பின்னாலிருந்து முதுகைத் தொட்டு ‘கோ’ன்னு சத்தமா சொன்னாதான் அடுத்தவ எழுந்து ஓடணும். வாய் திறக்காம தப்பிக்க முடியாது, அதுதான் இந்த ஆட்டத்தோட அருமை. முதல் வாரம் அவ குரல் அவளுக்கே கேக்கல. இப்போ முழங்கால் முழுக்க செம்மண்ணோட அவ கொடுக்குற ‘கோ’ ரோடு வரைக்கும் கேக்குது.

ஒண்ணு மட்டும் செய்யுங்க. கோட்டோரமா நின்னு ‘ஓடு, ஓடு’ன்னு கத்தாம, வேப்பமரத்தடியில தள்ளி உட்காருங்க. வீட்டுக்கு வந்ததும் ‘ஜெயிச்சியா?’ன்னு கேக்க வேண்டாம்; ‘இன்னிக்கு எத்தனை கோ கொடுத்தே கண்ணு?’ன்னு கேளுங்க.