காட்டுயிர்ப் பதிவிலிருந்து ஒரு நிமிட டீசர்: படத்தொகுப்பு முறை

பல மணி நேரம் ஓடும் காட்டுயிர்ப் பதிவுகளிலிருந்து ஒரு நிமிட டீசர் தொகுக்க அமரும்போது, எதைக் காட்டாமல் விடுவது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். சிவிங்கிப்புலி மானைத் துரத்தும் காட்சி கையில் இருந்தால், மான் பிழைத்ததா இல்லையா என்பது முழுப் படத்துக்கு உரியது. அந்த விடையை டீசரிலேயே கொடுத்துவிட்டால், படத்தைத் தேடி வருவதற்குப் பார்வையாளருக்குக் காரணம் இருக்காது.

அடுத்து, நல்ல ஷாட்டுகளைத் தனி டைம்லைனில், அதாவது தொகுப்பு மென்பொருளில் ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், சேகரியுங்கள். அழகான சூரிய உதயங்கள் எப்படியும் நிறைய இருக்கும். அவற்றில் ஒன்று போதும். ஏதோ நடக்கப்போகிறது என்று உணர்த்தும் சிறு அசைவுகளே உண்மையில் பயன்படுபவை. மேய்ந்துகொண்டிருக்கும் மானின் காது திரும்புகிறது. புல்லுக்குப் பின்னால் தோள்பட்டை எலும்பு மெல்ல உயர்ந்து அப்படியே நிற்கிறது. பிறகு இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காட்டும் அகன்ற ஷாட். இந்த மூன்றையும் அவசரமின்றி ஓடவிட்டு, பின்கால் தரையை உந்தும் கணத்தில் திரையைக் கறுப்பாக்கினால், தலைப்பு வருவதற்கு முன்பே பார்வையாளர் நிமிர்ந்து அமர்ந்திருப்பார். தொடக்கத்திலிருந்தே படபடவென்று வெட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் நிதானத்தைக் கண்ட பிறகுதான் வேகம் வேகமாகத் தெரியும்.

விலங்கின் முகத்தில் மனித உணர்ச்சியைத் தேட வேண்டியதில்லை. உணர்ச்சி காட்டாத முகமும் அதையடுத்து வரும் ஷாட்டுக்கேற்பப் பொருள் மாறித் தோன்றும் என்பதைச் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எடுத்துக்காட்டினார். அந்த வசதிக்கு ஓர் எல்லையும் உண்டு: ஆர்க்டிக்கின் பனிக்கரடி அண்டார்டிகாவின் பெங்குயினை நோக்குவதுபோல வெட்டி ஒட்டினால், அது பொய்.

துரத்தல் இடமிருந்து வலமாகச் சென்றால், இரு விலங்குகளும் எல்லா ஷாட்டுகளிலும் அதே திசையில் ஓட வேண்டும். வினாடிக்கு 120 ஃபிரேமில் (தனித்தனிப் படங்களில்) எடுத்ததை 24 ஃபிரேம் டைம்லைனில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் தடங்கலின்றி ஓட்டலாம். 24 ஃபிரேமில் எடுத்ததை அவ்வாறு நீட்டினால் அசைவு திக்கித்திக்கி வரும்.

ஒலிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். டெலிலென்ஸ் கொண்டு தொலைவிலிருந்து எடுத்த காட்சிகளில் காலடி ஓசையோ மூச்சொலியோ பெரும்பாலும் பதிவாகியிருக்காது. அவற்றைத் தனியே உருவாக்கிச் சேர்ப்பது இத்துறையின் வழக்கம். ஆனால் சிவிங்கிப்புலியால் சிங்கத்தைப் போலக் கர்ஜிக்க இயலாது, அது பறவையைப் போலக் கீச்சிடும் என்பதால், கிடைத்த உறுமலை எல்லாம் அதன் வாயில் வைத்துவிடாதீர்கள். இசையைப் படிப்படியாக ஏற்றி, தலைப்புக்கு முன் 12 ஃபிரேம், அதாவது அரை வினாடி, முற்றிலும் நிறுத்துங்கள். காட்டின் ஒலியையும் அப்போது எடுத்துவிடலாம்.

இறுதியாக, ஒலியை அணைத்து ஒருமுறை கைபேசித் திரையில் ஓட்டிப் பாருங்கள். எந்த ஷாட்டில் விலங்கு எங்கே இருக்கிறது என்று கண் தேடுகிறதோ, அந்த ஷாட்டைப் பெரிதாக்குங்கள். 3840 பிக்சல் அகலமுள்ள 4கே பதிவை 1920 பிக்சல் அகல டைம்லைனில் இருமடங்கு வரை பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது. அப்படியும் கண்ணில் படாவிட்டால் அந்த ஷாட்டை நீக்கிவிடுங்கள்.